காந்தியின் இங்கிலீஷையே திருத்தியவர்... சிதம்பரத்தில் துணைவேந்தராக இருந்த 'வெள்ளிநாக்கு' சீனிவாச சாஸ்திரி யார்? ஆபீஸ் பேச்சுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

மீட்டிங்கில் பேசி முடித்த பிறகு யாராவது வந்து, நீங்க ரொம்ப வேகமா பேசுறீங்க, பாதி புரியலைன்னு சொன்னால் எப்படி இருக்கும்? பெரும்பாலானவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நம்மை மட்டம் தட்டுறாங்கன்னு தோணும். ஆனால் இந்திய வரலாற்றின் பெரிய பேச்சாளர்கள் சிலர், இந்த மாதிரி திருத்தங்களைத் தேடிப் போய் வாங்கிக்கொண்டவர்கள்.

அந்த வரிசையில் முக்கியமானவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தவர். கம்மாபுரம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த பலருக்கும் இந்தப் பெயர் இன்று பரிச்சயம் இருக்காது. அவர் யார், பேச்சை எப்படி வளர்த்தார், மற்றவர்களின் மொழியை எப்படித் திருத்தினார், அவர் எங்கே சறுக்கினார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சீனிவாச சாஸ்திரி?

1869 செப்டம்பர் 22 அன்று கும்பகோணம் அருகே உள்ள வலங்கைமானில் பிறந்தார். அப்பா ஏழைப் புரோகிதர். வீட்டில் வசதி இல்லை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். ஆங்கிலத்திலும் சம்ஸ்கிருதத்திலும் முதல் வகுப்பு.

படித்து முடித்ததும் ஆசிரியர் வேலை. சேலம் முனிசிபல் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1894ல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது சுமார் 25தான். 1904ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நாட்டின் ஆரம்பகால நுகர்வோர் கூட்டுறவு முயற்சிகளில் அது முக்கியமானது.

ஆக, அவர் பெரிய மேடைக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் வகுப்பறையில் நின்றவர். ஆசிரியர் வேலைக்கு ஒரு வசதி உண்டு. சொன்னது புரிந்ததா இல்லையா என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்களின் முகத்திலேயே தெரிந்துவிடும். பரீட்சைத் தாளில் இன்னும் தெளிவாகத் தெரியும். தினமும் கிடைக்கும் ஃபீட்பேக் அது.

குருவுக்கும் ஒரு குரு இருந்தார்

சாஸ்திரியின் வாழ்க்கை திசை மாறியது கோபால கிருஷ்ண கோகலேயால். கோகலே 1905ல் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். பொதுவாழ்க்கைக்கு முழுநேரமாக வருபவர்களைப் பயிற்றுவித்துத் தயார் செய்யும் அமைப்பு அது. சேருபவர்களுக்கு ஐந்து ஆண்டு பயிற்சிக் காலம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, குடும்பம் நடத்தும் அளவுக்குத்தான் படி. சாஸ்திரி 1907ல் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 37 வயது. தலைமை ஆசிரியராக ஊரே மதித்த ஒருவர், மறுபடியும் பயிற்சியாளராக உட்கார்ந்தார்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான சங்கிலி இருக்கிறது. கோகலே பிறவிப் பேச்சாளர் கிடையாது. அவரை வடிவமைத்தவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே. கோகலே எழுதிக்கொண்டு போகும் மனுக்களையும் கட்டுரைகளையும் ரானடே வரிவரியாகப் பார்ப்பார். ஆதாரம் போதவில்லை என்றாலோ சொல் பொருந்தவில்லை என்றாலோ திருப்பி எழுத வேண்டியதுதான். 1897ல் இந்தியாவின் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன்னால் சாட்சி சொல்ல கோகலே லண்டன் போனபோது, ரானடேயும் ஜி.வி. ஜோஷியும் அவருக்குப் புள்ளிவிவரங்களோடு பயிற்சி கொடுத்தே அனுப்பினார்கள். பிற்காலத்தில் கோகலேயின் பட்ஜெட் உரைகளுக்கு ஆங்கிலேய அதிகாரிகளே தயாராகி வர வேண்டியிருந்தது என்றால், அதற்கு அஸ்திவாரம் இந்தத் திருத்தங்கள்தான்.

ரானடேயிடமிருந்து கோகலேக்கு, கோகலேயிடமிருந்து சாஸ்திரிக்கு. ஆதாரத்தோடு பேசு, நிதானமாகப் பேசு, எதிராளியை அவமதிக்காமல் பேசு என்ற பாணி இப்படித்தான் கைமாறியது. சென்னை மயிலாப்பூர் லஸ் பகுதியில் ரானடே நூலகமும் சீனிவாச சாஸ்திரி ஹாலும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பெயர்ப் பலகையைப் பாருங்க, இந்தச் சங்கிலி நினைவுக்கு வரும்.

1915 பிப்ரவரியில் கோகலே மறைந்ததும் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது.

காந்தியும் சாஸ்திரியும்: பத்து நாள் அண்ணன்

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2. சாஸ்திரி அவரைவிடச் சரியாகப் பத்து நாள் மூத்தவர். கடிதங்களில் காந்தி அவரை அண்ணன் முறையில்தான் அழைத்தார். ஆனால் அரசியலில் இருவருக்கும் ஒத்தே போகாது. ஒத்துழையாமை இயக்கத்தை சாஸ்திரி ஏற்கவில்லை. சட்டமன்றத்தில் வாதாடி, பேச்சுவார்த்தை நடத்தி உரிமைகளைப் பெறலாம் என்று நம்பிய மிதவாதி அவர்.

அப்படிப்பட்டவரிடம்தான் காந்தி தன் ஆங்கிலத்தில் இருக்கும் பிழைகளைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் நடந்தது. காந்தி குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முதல் பதிப்பு 1927லும் 1929லும் இரண்டு பாகமாக வந்தது. பின்னர் 1940ல் திருத்திய பதிப்பு வந்தது. அதன் மொழியைச் செம்மை செய்தவர் ஆங்கிலப் புலமைக்குப் பெயர் பெற்ற ஒரு மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டும் தேசாய் முன்னுரையில் குறிப்பிட்டார். தன் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த நண்பர் போட்ட நிபந்தனை. அந்த நண்பர் சாஸ்திரி என்பது பின்னாளில் பரவலாகத் தெரியவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, காந்தி கருத்து கேட்டது தனக்கு ஆமாம் போடும் ஆளிடம் இல்லை. கொள்கையில் எதிர்ப்பக்கம் நிற்பவரிடம். இரண்டு, திருத்திக் கொடுத்தவர் அதை விளம்பரம் செய்யவில்லை. ஆபீஸில் ஒருவருடைய பிரசன்டேஷனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டுபவர்களை நமக்குத் தெரியும். சாஸ்திரி செய்தது நேர் எதிர்.

காந்திக்கே பேச்சு வராத காலம்

காந்தி இப்படித் தயங்காமல் திருத்தம் கேட்டதற்கு ஒரு முன்கதை உண்டு. லண்டனில் சட்டம் படித்தபோது சைவ உணவாளர் சங்கக் கூட்டங்களில் அவரால் எழுந்து நின்று பேச முடிந்ததில்லை. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், கேள்வி எதுவும் வராமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய ஃபீஸ் 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார்.

1896ல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலைமை பற்றி பம்பாயில் ஒரு பொதுக்கூட்டம். ஏற்பாடு செய்தவர் பெரோஸ்ஷா மேத்தா. மனதில் இருப்பதை அப்படியே பேசாதே, எழுதி அச்சடித்துக்கொண்டு வா என்பதுதான் அவர் கொடுத்த யோசனை. காந்தி கேட்டார். ஆனாலும் மேடையில் குரல் எழும்பவில்லை. சத்தமாகப் படிக்கச் சொல்லி மேத்தா உற்சாகப்படுத்தினார், அப்போதும் முடியவில்லை. கடைசியில் தின்ஷா வாச்சா அந்த உரையை வாசித்தார். அரங்கமே அமைதியாகக் கேட்டது.

அன்று குரல்தான் காந்தியைக் கைவிட்டது. கையில் உரை எழுத்தாக இருந்ததால் விஷயம் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. மேத்தாவின் யோசனை கூட்டத்துக்கு முன்னாலேயே கிடைத்ததால்தான் அது சாத்தியமானது. பேசி முடித்த பிறகு வரும் விமர்சனத்தைவிட, பேசப் போவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு யோசனைக்கு மதிப்பு அதிகம்.

'வெள்ளிநாக்கு' பட்டம் எப்படி வந்தது?

சாஸ்திரியின் பேச்சு பாணி முழக்கமிடும் பாணி கிடையாது. மேசையைத் தட்டுவதோ கையை வீசுவதோ இல்லாமல், மென்மையான குரலில் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்துப் பேசுவார். 1921ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். பேரரசின் மற்ற பகுதிகளில் குடியேறிய இந்தியர்களுக்குக் குடியுரிமை தர வேண்டும் என்று வாதாடினார். அதே ஆண்டு பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆனார். உலக நாடுகள் சங்கத்திலும், வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் குரலாக நின்றார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவரை வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடினார்கள்.

1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் பயணம் அது. பார்வையாளர்களில் பலர் இந்தியர்களை வேண்டாவெறுப்பாகப் பார்த்தவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் குரலை உயர்த்தாமல் பேசினார். ஆஸ்திரேலியாவில் வசித்த இந்தியர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரும் சட்டத் திருத்தம் 1925ல் வந்தது.

1927ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகப் பொறுப்பேற்றார். 1929 தொடக்கம் வரை அங்கே இருந்தார். நேட்டாலில் இருந்த இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி கிடைக்கவில்லை என்பதைப் பார்த்து, அங்குள்ள இந்திய மக்களிடமே நிதி திரட்டினார். டர்பனில் 1929ல் திறக்கப்பட்ட அந்தக் கல்வி நிலையத்துக்கு சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். பேச்சுத் திறமை கைத்தட்டலோடு முடியாமல், ஒரு கட்டடமாகவும் பல தலைமுறை படிப்பாகவும் மாறியதற்கு அது சாட்சி.

நல்லாப் பேசினால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கும் சாஸ்திரியின் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கு.

1919ல் ரௌலட் சட்ட மசோதா மத்திய சட்டமன்றத்துக்கு வந்தது. விசாரணை இல்லாமலே ஆட்களை அடைத்துவைக்க வழி செய்யும் சட்டம். அதை எதிர்த்து சாஸ்திரி உருக்கமான உரை நிகழ்த்தினார். அன்று பார்வையாளர்களில் காந்தியும் இருந்தார். வைஸ்ராய் மெய்மறந்து கேட்பது போலத்தான் காந்திக்குத் தெரிந்தது. ஆனால் மசோதா நிறைவேறியது. தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாதுன்னு நம்ம ஊரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான் காந்தியும் வந்தார். அந்த வருஷமே சத்தியாகிரகம் தொடங்கியது.

கேட்பவர் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டார் என்றால், எவ்வளவு அழகான பேச்சும் அதை மாற்றாமல் போகலாம். ஆபீஸில் ஒரு கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் உடனே நம்ம பேச்சு சரியில்லைன்னு நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேச்சு சரியில்லையா, முடிவே வேறயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிதம்பரத்தில் ஐந்து ஆண்டுகள்

அண்ணாமலை செட்டியார் உருவாக்கிய பல்கலைக்கழகம் 1929ல் பிறந்தது. சாஸ்திரி துணைவேந்தராக வந்தபோது அதற்கு வயது ஆறுதான். உலக மேடைகளில் பேசியவர், 66 வயதை நெருங்கும் நேரத்தில் மறுபடியும் மாணவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். தொழிலை ஆசிரியராகத் தொடங்கியவருக்கு இது வீடு திரும்பியது மாதிரி.

ஒரு கூடுதல் தகவல்: தென்னாப்பிரிக்காவில் சாஸ்திரிக்கு அடுத்து ஏஜென்டாகப் போனவர் கே.வி. ரெட்டி நாயுடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சாஸ்திரிக்கு அடுத்து துணைவேந்தராக வந்தவரும் அவர்தான்.

சாஸ்திரி வாங்கிய விமர்சனங்கள்

மற்றவர்களைத் திருத்தியவர் மேல் விமர்சனமே வரவில்லையா? நிறைய வந்தது.

துணைவேந்தராக இருந்த காலத்திலேயே, மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை தர அவரை இந்திய அரசு அனுப்பியது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1937ல் வெளியான அவருடைய அறிக்கை, தோட்ட முதலாளிகள் பக்கம் மென்மையாக நடந்துகொள்கிறது என்று தேசியவாதிகள் கண்டித்தார்கள்.

1940ல் இன்னொரு சர்ச்சை. தென்னிந்திய மொழிகளுக்கான கலைச்சொற்களை உருவாக்க சென்னை மாகாண அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சாஸ்திரி. சம்ஸ்கிருதச் சொற்களே தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நிரம்பிவிடும் என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைக்கு அறிவியல் எந்தச் சொல்லில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அங்கே பிரச்சினை.

இதையும் ஒரு ஃபீட்பேக்காகப் படிக்கலாம். ஆங்கிலேயர் முன்னால் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் தேர்ந்தவர் என்று பெயர் எடுத்தவரிடம், சாதாரணத் தமிழ்க் குழந்தைக்குப் புரியும் சொல் எது என்று கேட்க ஊரே எழுந்து நின்றது. மொழி சுத்தமாக இருப்பது ஒன்று. கேட்பவருக்கு அது சொந்தமாக இருப்பது வேறொன்று. கேட்பவர் மாறும்போது நல்ல பேச்சுக்கான அளவுகோலும் மாறுகிறது.

கடைசி நாட்கள்

1944ல் சென்னை மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 74. 1946 ஜனவரியில் காந்தி சென்னை வந்தபோது, உடல்நலம் இல்லாமல் மருத்துவமனையில் இருந்த சாஸ்திரியைப் போய்ப் பார்த்தார். அரசியலில் கடைசிவரை வேறு வேறு பாதை. ஆனாலும் அந்த அண்ணன் தம்பி உறவு முறியவில்லை. 1946 ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி காலமானார். சுதந்திர இந்தியாவை அவர் பார்க்கவில்லை.

சரி, ஆபீஸில் நாம என்ன செய்யலாம்?

சாஸ்திரி வாழ்க்கையிலிருந்து இன்றைய வேலை இடத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய ஆறு விஷயங்கள்:

1. ஆமாம் போடாதவரிடம் கேளுங்க: காந்தி மாதிரி, உங்களோடு கருத்து வேறுபாடு இருந்தாலும் உங்கள்மேல் அக்கறை உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்க. சூப்பர்னு மட்டும் சொல்ற நண்பரால் பேச்சு வளராது.

2. முன்னாடியே கேளுங்க: மீட்டிங் முடிந்த பிறகு கேட்பதைவிட, முதல் நாளே ஒருவரிடம் ஐந்து நிமிஷம் பேசிக்காட்டுங்க. ரானடே கோகலேக்குச் செய்ததும், மேத்தா காந்திக்குச் செய்ததும் இதுதான்.

3. குறிப்பாகக் கேளுங்க: எப்படி இருந்ததுன்னு கேட்டால், நல்லா இருந்ததுன்னு பதில் வரும். எந்த இடத்தில் புரியாமல் போச்சு, எங்கே வேகம் அதிகமாச்சு, முக்கியமான விஷயம் எதுன்னு உங்களுக்குத் தோணுச்சு என்று கேளுங்க. உபயோகமான பதில் கிடைக்கும்.

4. திருத்தம் சொல்பவராக இருந்தால் தனியாகச் சொல்லுங்க: எல்லோர் முன்னாலும் உச்சரிப்பைத் திருத்தினால் அந்த ஆள் அடுத்த மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் போதும். அவர் பெயரைக் காப்பாற்றுங்க, உங்க பெயரை விளம்பரம் செய்யாதீங்க.

5. வட்டார வழக்கு குறை கிடையாது: கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பலர், தங்கள் பேச்சு நடையைக் கேலி செய்வார்களோ என்று பயந்தே அமைதியாக இருக்கிறார்கள். புரியாத வேகம், முடியாத வாக்கியம், விழுங்கப்படும் சொல், இதெல்லாம் திருத்த வேண்டியவை. ஊர்ப் பேச்சு வாசனை திருத்த வேண்டிய பட்டியலில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஃபீட்பேக் ஆளையே ஒடுக்கிவிடும். அப்படி வந்தால் ஏற்காமல் விடலாம், தப்பில்லை.

6. கேட்பவரை வைத்து அளந்து பாருங்க: ஒன்றிய அலுவலகத்திலோ வங்கியிலோ பயிர்க் காப்பீடு பற்றி விவசாயிக்கு விளக்கும் ஊழியரை எடுத்துக்கொள்வோம். விதிமுறை முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி தேதியை இறுதியில் சொன்னால், அது அவர் மனதில் நிற்காது. தேதி, பணம், கொண்டுவர வேண்டிய காகிதம், இந்த மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னோமா என்பதை மேலதிகாரியின் பாராட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. வெளியே போகும் விவசாயிக்கு அந்த மூன்றும் நினைவில் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த மீட்டிங்குக்கு இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முயற்சி செய்து பாருங்க. உலகம் வெள்ளிநாக்கு என்று கொண்டாடிய சாஸ்திரியே 37 வயதில் தலைமை ஆசிரியர் மேசையை விட்டு எழுந்து போய், இன்னொருவரிடம் பயிற்சிக்கு உட்கார்ந்தவர்தான்.